மருந்துச் சீட்டில் எழுதிய உணவு

1972இல் மும்பையில் உருவான தலித் சிறுத்தைகள் தம் பெயரை அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரோடு நாம் நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. அம்மக்களின் தாய்சேய் நல வரலாற்றிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயூ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தாங்களே உருவாக்கிய ஊர். 1960களில் சுற்றியிருந்த பருத்தி வயல்களில் எந்திரங்களும் களைக்கொல்லியும் நுழைந்தன. பங்குக்கு உழுத குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. பசியும் அசுத்தமான குடிநீரும் கைக்குழந்தைகளைக் கொன்றன.

1967இல் அங்கே டெல்டா சுகாதார மையம் தொடங்கியது. மருத்துவர் ஜாக் கைகர் வெள்ளையர். உடன் நின்ற சமூகப்பணியாளர் ஜான் ஹாட்ச் கறுப்பினத்தவர். ஒன்றிய அரசின் வறுமை ஒழிப்பு நிதி ஒரு பல்கலைக்கழகம் வழியாக வந்ததால், மாநில ஆளுநரால் அதைத் தடுக்க முடியவில்லை.

ஹாட்ச் செய்த வேலையை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மக்கள் முதலில் கேட்டது மருத்துவரை அல்ல. உணவு, வேலை, வீடு. மையம் அதற்குச் செவிசாய்த்தது. ஊட்டமில்லாத குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சீட்டில் உணவை எழுதினார்கள். மளிகைக் கடைகள் கொடுத்தன. மருந்தகக் கணக்கில் பணம் போனது. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்கு மருத்துவ நூல் சொல்லும் மருந்தே உணவுதான் என்றார் கைகர். கிணறுகள் தோண்டப்பட்டன, கழிப்பறைகள் கட்டப்பட்டன. மக்கள் கூட்டுறவுப் பண்ணை அமைத்துக் காய்கறி விளைவித்தார்கள். அதை நடத்திய எல்.சி. டார்சி, பங்குக்கு உழுத குடும்பத்தின் மகள். பின்னாளில் சமூகப்பணியில் முனைவர் பட்டம் பெற்று, அதே சுகாதார மையத்துக்கு இயக்குநரானார்.

இன்று அமெரிக்காவில் இத்தகைய மையங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் இடைவெளி மூடவில்லை. 2023இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இறந்த கறுப்பினத் தாய்மார் 50.3, வெள்ளையினத் தாய்மார் 14.5. இனவெறி பிரசவ அறைக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. ஒரு மையமோ ஒரு திட்டமோ மட்டும் அதை வீழ்த்திவிடாது.

ஆகவே தோழர்களே, களப்பணிக்குக் கேள்வித்தாளோடு சேரிக்குள் போகும்போது, ஹாட்ச் கேட்ட கேள்வியை முதலில் கேட்போம். பதில் நம் திட்டத்தில் இல்லையென்றால், மாற வேண்டியது திட்டம்தான். முடிவெடுக்கும் இடத்தில் அந்தத் தாய்மார் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.