கால் அகட்டி நின்ற ஹெரால்டு

நம் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறுபதுகளில் சாலையில் கண்ணில் பட்டதெல்லாம் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றுதான். அதில் ஹெரால்டு நம்மூர்க் கார். வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். தெருப்பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால், பின் சக்கரங்கள் இரண்டும் மேலே உள்பக்கம் சாய்ந்து, கீழே வெளிப்பக்கம் விரிந்துவிடும். "பாரம் தாங்காமக் காலை அகட்டுது பாரு" என்று சிரிப்பார்கள். வண்டிக்காரருக்கு அவமானமாக இருக்கும். உண்மையில் அந்தக் கார் அகட்டி நின்றபோதுதான் பத்திரமாக இருந்தது. நிமிர்ந்து அழகாக நின்றபோதுதான் பயப்பட வேண்டியிருந்தது. இதைப் பலர் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

காரணம் இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953ல் வாங்கிவிட்டது. புதிய காருக்கு ஒரே துண்டாக பாடி செய்து தர ஆள் இல்லை. ஆகவே என்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர் பழைய பாணியில் தனி சேஸி போட்டு, பாடியைப் பல துண்டுகளாகப் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி அமைத்தார். இத்தாலியின் மிகெலோட்டி உருவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பது அந்த விலைக் காரில் பெரிய விஷயம்.

ஆனால் செலவைக் குறைக்கப் பின்பக்கம் 'ஸ்விங் ஆக்சில்' என்ற எளிய முறையைப் போட்டார்கள். அம்பாசடரில் பின் ஆக்சில் ஒரே உலக்கை மாதிரி இருக்கும். இதில் நடுவில் கிரவுன் பெட்டி சேஸியோடு நிலையாக இருக்க, இரண்டு பக்கமும் அரை அரை ஆக்சில், பறவையின் சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடும். தோளில் மட்டும்தான் மூட்டு, மணிக்கட்டில் கிடையாது. அதனால் சிறகு மேலே போனால் சக்கரம் ஒரு பக்கம் சாயும், கீழே இறங்கினால் மறுபக்கம் சாயும். இரண்டையும் தாங்குவது கிரவுன் பெட்டிக்கு மேல் குறுக்கே கிடக்கும் ஒரே ஸ்பிரிங் பட்டைக் கட்டு.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் அரை ஆக்சில் ஊன்றுகோல் மாதிரி நின்று, காரின் பின்பாகத்தைத் தூக்குகிறது. பின்பாகம் தூக்கியதும் சக்கரம் காருக்கு அடியில் மடங்குகிறது. டயரின் அகலம் முழுவதும் தரையில் படியாமல் வெளி விளிம்பு மட்டும் படுகிறது. பிடி போய்விடும். அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னால் போய்ப் பின்பாகம் இன்னும் தூக்கிக்கொள்ளும். கார் பம்பரம்தான்.

948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஹெரால்டுக்கு இந்த எல்லையைத் தொட அவ்வளவாக வாய்ப்பில்லை. வினை வந்தது மாற்றியமைத்தபோது. கோவென்ட்ரிக்காரர்களே 1962ல் அதே சேஸியில் ஆறு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி 'விட்டெஸ்' என்று விற்றார்கள். 1966ல் இரண்டு லிட்டர் என்ஜினோடு ஜி.டி.6 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. குதிரைத்திறன் 95. பின் சஸ்பென்ஷன் மட்டும் ஏறக்குறைய பழையதே. பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார்கள். என்ஜினைப் பெரிதாக்கும் ஆசை முதலில் வருகிறது, சக்கரத்தைப் பற்றிய நினைப்பு கடைசியில் வருகிறது. சோழவரத்தில், உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்ட நம் ஆட்களும் இதற்கு விலக்கல்ல. ஹெட்டைச் சீவு, கார்புரேட்டரை மாற்று என்றுதான் தொடங்குவார்கள்.

ஆனால் பந்தயக்காரர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். முதல் வைத்தியம், பின்பாகத்தைத் தாழ்த்துவது. ஸ்பிரிங் பட்டையின் வளைவைக் குறைத்தால் கார் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கும். சக்கரங்கள் வெறும் வண்டியிலேயே கொஞ்சம் அகன்று நிற்கும். வளைவில் உடம்பு தூக்கும்போது அந்த அகட்டல் குறைந்து நேராகுமே தவிர, எளிதில் உள்ளே மடங்காது. பின் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது டயர். காற்று கூடுதலாக உள்ள டயர் வளைவில் குறைவாக நெளியும். அதனால் முன்னால் குறைத்து, பின்னால் கூட்டி அடித்தால் பின்பாகம் வழுக்குவது தள்ளிப்போகும். இதை நம்பியே அமெரிக்காவின் ஷெவர்லே 1960ல் கோர்வேர் என்ற காரை விட்டது. பின்னால் என்ஜின், அதோடு ஸ்விங் ஆக்சில். முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். காற்று அடிக்கும் பையனோ எங்கும் ஒன்றுபோல் நான்கு சக்கரத்துக்கும் சமமாக அடித்துவிட்டுப் போவான். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை அவன் கையில் விட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1964ல் குறுக்கே ஒரு பட்டை சேர்த்தார்கள். 1965 மாடலில் பின் அமைப்பையே மாற்றினார்கள். அந்த 1965ன் இறுதியில்தான் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகம் வந்து பழைய கோர்வேரின் பேரைக் கெடுத்தது. 1972ல் அமெரிக்க அரசின் ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்றது. யார் கேட்டார்கள்? கார் 1969லேயே நின்றுபோயிருந்தது.

ரேடியல் டயர் வந்தபின் இன்னொரு விதியும் சேர்ந்தது. இரண்டு ரேடியல்தான் வாங்க முடியும் என்றால் அவற்றைப் பின்னால் போடவேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் பழைய நைலான் டயரும் போட்டால் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் ஓடிவிடும். ஹெரால்டில் இது இரட்டை ஆபத்து.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். ஐந்து பேர் கார் என்றால் இங்கே ஏழு பேர். ஸ்பிரிங் தொய்ந்து, சக்கரம் அகன்று, பார்க்க அசிங்கமாகிவிடும். உடனே பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துப் பின்பாகத்தை உயர்த்திக் கொடுப்பார்கள். கார் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கும். அதாவது சோழவரத்தில் செய்ததற்கு நேர் எதிர்.

என் அக்காவின் கணவர் அப்படித்தான் உயர்த்தினார். அடுத்த மழைக்காலத்தில், வண்டியில் வேறு யாரும் இல்லாமல் செங்கல்பட்டிலிருந்து வரும்போது, கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வளைவில் கார் சுற்றித் திரும்பி மரத்தில் இடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாற்பது மைலுக்கு மேல் போகவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. 'கண்மண் தெரியாமல் ஓட்டுகிற ஆள்' என்ற பேர் உறவுக்குள் நிலைத்துவிட்டது. வெளியே போகும்போது அக்காவே "நீங்க ஓட்டவேண்டாம், டிரைவர் வரட்டும்" என்பாள். அவர் முகம் சுருங்கும்.

சோழவரம் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்து பழகிய ஒரு வயதான மெக்கானிக்கிடம் கார் பழுதுக்குப் போனது. அவர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டி அகட்டித்தான் நிக்கணும். நிமிர்த்தி வெச்சா ஆளைத் தூக்கிப் போட்டுடும்" என்றார். சேர்த்த பட்டையைக் கழற்றி, மற்றப் பட்டைகளின் வளைவையும் தணித்துக் கட்டினார். பின் டயருக்கு முன்னதைவிட நாலு பவுண்டு கூட அடிக்கச் சொன்னார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே போனபின் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வரவேண்டும் என்றார். அத்தான் அதற்குப் பின் அந்தக் காரை எட்டு வருடம் ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. ஆனால் மெக்கானிக் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

கோவென்ட்ரியில் இந்தக் குறையை இரண்டு விதமாகத் தீர்த்தார்கள். 1968ல் ஜி.டி.6க்கும் விட்டெஸுக்கும் கீழே ஒரு கை சேர்த்து, ஆக்சிலில் ரப்பர் இணைப்பு வைத்தார்கள். சக்கரம் மடங்குவது நின்றது. செலவு அதிகம். 1970ல் ஸ்பிட்ஃபயர் காருக்குச் செய்தது எனக்கு அதைவிடப் பிடித்தது. பட்டைக் கட்டு முழுவதையும் கிரவுன் பெட்டியோடு இறுக்காமல், ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் சீசாப் பலகை மாதிரி ஆடவிட்டார்கள். பாரத்தைத் தாங்கும் பலம் அப்படியே இருந்தது. வளைவில் கார் சாயும்போது மட்டும் பின் ஸ்பிரிங் எதிர்த்து நிற்காது. அந்த வேலையை முன்பக்கம் போட்ட தடித்த கம்பி பார்த்துக்கொண்டது. பட்டை அதேதான், கட்டிய விதம் மட்டும் வேறு. 1980ல் ஸ்பிட்ஃபயர் நிற்கும்வரை இதுவே ஓடியது.

அந்த யோசனை வண்டலூருக்கு வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டை நிறுத்திவிட்டு 'கெசல்' என்று புதுப்பெயரில் விட்டபோது, ஸ்விங் ஆக்சிலைக் கைவிட்டு அம்பாசடர் போலவே உலக்கை ஆக்சிலுக்குப் போனார்கள். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அதுதான் பழக்கம், நம்மூர்ப் பாரத்துக்கும் அதுதான் ஒத்துவரும். குறை சொல்லமாட்டேன். அத்தானிடம் கெசல் வாங்கச் சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டார். பின் சக்கரங்கள் அகன்று நின்ற அந்த ஹெரால்டையே, சாமான் கிடைக்காமல் போகும்வரை வைத்திருந்தார்.