லர்ச்சர்: ஒரு நாய்ப்பெயரின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

இங்கிலாந்தின் சிற்றூர் வாழ்வைக் கூறும் நூல்களைத் தமிழாக்க முனைவோர் லர்ச்சர் என்னும் சொல்லை எதிர்கொள்ள நேரிடும். மோப்பத்தைக் காட்டிலும் கண்ணையும் காலையும் நம்பி வேட்டையாடும் நாயைப் பார்வை வேட்டைநாய் என்பர். அத்தகைய நாய் ஒன்றையும் வேறு பணிநாய் ஒன்றையும் இணைத்துப் பெறும் கலப்பே லர்ச்சர். இவற்றுள் உருவிற் சிறியவை, விப்பெட் என்னும் சிறு பார்வை வேட்டைநாயையும் டெரியரையும் இணைத்துப் பெற்றவை. முயல் பிடிப்பதற்கென்றே இவை வளர்க்கப்பட்டன.

இக்கலப்பின் சிறப்புகள் யாவை, சட்டம் அவற்றை எவ்வாறு நோக்கியது, அந்நோக்கு பெயரில் எவ்வாறு பதிந்துள்ளது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உழைப்பவர் எவற்றை நாயின் தகுதிகள் எனப் போற்றினரோ, அவற்றையே நிலவுடைமையாளர் குற்றத்தின் அடையாளங்களாகக் கண்டனர். பெயரில் எஞ்சியிருப்பது பின்னவரின் நோக்கே.

2. முயல் என்னும் ஒரு சொல், இரண்டு விலங்குகள்

சிக்கல் நாயிடம் அன்று, அது துரத்தும் விலங்கிடமே தொடங்குகிறது. தமிழில் முயல் எனப்படுவது ஆங்கிலத்தில் இரண்டு விலங்குகளாகப் பிரிகிறது. ஒன்று ஹேர். இது வளை தோண்டுவதில்லை. திறந்த வெளியிலோ புதரடியிலோ படுத்திருக்கும். குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். மற்றொன்று ரேபிட். இது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கும். தமிழகக் காடுகளிலும் புன்செய்களிலும் வாழும் காட்டுமுயல் முதல் வகையைச் சார்ந்தது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேலிகளில் வலை மாட்டி, நாய்களோடு புதர்களைக் கலைத்து முயல்களை வளைத்துப் பிடிக்கும் செய்தி வருகிறது. அவ்வேட்டையின் களம் புதரே, வளை அன்று.

இரண்டாம் வகை முயல் இங்கிலாந்திற்கும் பழங்குடி அன்று. நார்மானியர் ஆட்சியின்போது, 12ஆம் நூற்றாண்டில், இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் அது அங்கே வளர்க்கப்படலாயிற்று. வாரன் எனப்பட்ட முயற்பண்ணைகள் பெருநிலக்கிழாரின் உடைமைகளாயின. அதன் பழைய ஆங்கிலப் பெயரான கோனி, இலத்தீனக் குனிகுலுஸ் என்னும் சொல்லின் வழிவந்தது. இலத்தீனில் அச்சொல் நிலத்தடி வழியையும் குறிக்கும். ரேபிட் என்பது முதலில் குட்டியின் பெயராகவே வழங்கிப் பின்னரே இனத்திற்குப் பொதுப்பெயர் ஆயிற்று.

இக்கட்டுரையில் ரேபிட் வளைமுயல் என்றும், ஹேர் காட்டுமுயல் என்றும் குறிக்கப்படும். இவ்வேறுபாட்டைக் கொள்ளாவிடில் சிறு கலப்பு நாயின் தேவையே விளங்காது.

3. கலப்பின் பொருத்தம்

காட்டுமுயல் தன் ஓட்டத்தையே நம்பித் திறந்த வெளியில் நெடுந்தொலைவு ஓடும். அதனைத் துரத்த நீண்ட காலும் பெரிய மார்பும் கொண்ட கிரேஹவுண்ட் ஏற்றது. வளைமுயல் அவ்வாறன்று. அந்திப்பொழுதிலும் இரவிலும் வளைக்கு அருகே மேயும். அரவம் கேட்டால் வளையை நோக்கிப் பாயும். ஆகவே அதன் ஓட்டம் பெரும்பாலும் குறுகியது. பெரிய நாய் முழு விரைவை எட்டுமுன் முயல் மறைந்துவிடும். வேலியோரத்தில் முயல் திரும்பினால் நாய் தன் விரைவாலேயே அதனைக் கடந்து ஓடிவிடும். நின்ற நிலையிலிருந்து நொடியில் பாய்வதும், குறுகிய இடத்தில் உடலை வளைத்துத் திரும்புவதும் இங்கு வேண்டப்படும் திறன்கள். இவற்றைத் தருவது விப்பெட்டின் குருதி.

ஆயின் விப்பெட்டின் தோல் மெல்லியது, மயிர் குறுகியது. முட்புதரும் கடுங்குளிரும் அதனை எளிதில் வருத்தும். இக்குறையை டெரியர் ஈடு செய்கிறது. டெரியர் என்னும் பெயரே மண்ணைக் குறிக்கும் தெர்ரா என்னும் இலத்தீனச் சொல்லின் அடியாகப் பிறந்தது. வளைக்குள் புகும் நாய் என்பது பொருள். கலப்பிற்கு அது தருவன மூன்று: மோப்பத்திறன், முட்புதருக்கு அஞ்சாத துணிவு, தடித்த மயிர்ப்போர்வை. நார்தம்பர்லாந்துப் பகுதியின் பெட்லிங்டன் டெரியர் இதற்குப் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் போர்வையில் வன்மயிரும் மென்மயிரும் கலந்திருக்கும். மேலும் பிற டெரியர்களைவிட அது கால் நீண்டது, உடல் ஒடுங்கியது. ஆதலின் கலப்பில் விரைவு மிகுதியும் குன்றுவதில்லை.

ஃபெரட்டைக் கொண்டு வேட்டையாடும்போது இக்கலப்பின் பயன் தெளிவாகப் புலப்படும். ஃபெரட் என்பது வளைக்குள் விடுவதற்காகப் பழக்கப்பட்ட, கீரியை ஒத்த சிறு விலங்கு. எந்த வளையில் முயல் உள்ளது என்பதை நாய் மோந்து அறிந்து, ஓசையின்றி நின்று உணர்த்தும். வேட்டையாளர் வளைவாய்களில் வலை விரித்து ஃபெரட்டை உள்ளே விடுவார். வெளியே பாயும் முயல்கள் வலையில் விழும். தப்புவனவற்றை நாய் பிடிக்கும். மோந்து அறிவது டெரியரின் பணி; பாய்ந்து பிடிப்பது விப்பெட்டின் பணி. இரண்டிற்கும் ஒரே நாய் போதுமாகிறது.

குறைகளும் உண்டு. டெரியரின் பிடிவாதமும் குரைக்கும் இயல்பும் சில குட்டிகளிடம் படியும். குரைக்கும் நாய் இவ்வேட்டைக்கு உதவாது. இறுகக் கடிக்கும் நாய் இறைச்சியைக் கெடுக்கும். நேர்க்கலப்பின் குட்டிகள் ஓரளவு ஒத்திருக்கும். அவற்றைத் தம்முள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் உருவும் இயல்பும் பலவாறாகச் சிதறும். ஆகவே இது ஓர் இனமாக நிலைபெறாமல், தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் உருவாக்கப்படும் கலப்பாகவே இருந்து வருகிறது.

4. பெயரும் சட்டமும்

1390ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், ஆண்டிற்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் இல்லாத பொதுமக்கள் கிரேஹவுண்டோ பிற வேட்டைநாயோ வைத்திருத்தல் கூடாது என விதித்தது. ஃபெரட்டும் வலையும் அவ்வாறே விலக்கப்பட்டன. வேட்டையாடுவது நிலத்தின் அளவால் பெறும் உரிமை ஆயிற்று.

மருத்துவ அறிஞர் ஜான் கேயஸ், சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னருக்காக ஆங்கில நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய சிறுநூல் 1570இல் வெளிவந்தது. ஆபிரகாம் ஃபிளெமிங் 1576இல் அதனை ஆங்கிலப்படுத்தினார். அதில் டம்ப்ளர் என்னும் நாய் கூறப்படுகிறது. முயல்களைக் கவனியாததுபோல் நடித்து நெருங்கும் அந்நாய், சற்றுப் பெரிதாயின் கலப்பினக் கிரேஹவுண்ட் எனத்தக்க உடலமைப்புடையது என்கிறார் கேயஸ். அதனை ஒத்த மற்றொன்றை அவர் இலத்தீனில் ‘கானிஸ் ஃபூராக்ஸ்’ என்கிறார். திருட்டு நாய் என்பது பொருள். அது தலைவன் ஏவலின்படி இரவில் காற்றுவழி வரும் மோப்பத்தால் வளைமுயலை அறிந்து, குரைக்காமல் பிடித்துக் கொணரும். மோப்பம், விரைவு, அமைதி, ஏவல்வழி நிற்றல் ஆகிய நான்கும் மேலே கண்ட சிறப்புகளே. அவற்றை ஒருங்கே பெற்ற நாய்க்குக் கிடைத்த பெயரோ திருடன் என்பது.

லர்ச்சர் என்னும் சொல்லும் இத்தன்மையதே. பதுங்குதல், பதுங்கித் திரிதல் என்னும் பொருளுடைய லர்ச் என்னும் வினையடியாக அது பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் சிறு திருடனைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் நாய்க்குப் பெயராயிற்று. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்தில் அச்சொல் இடம்பெறுகிறது. ஆண்டிற்கு 100 பவுண்டு வருவாயுள்ள சொந்த நிலம் முதலிய தகுதிகள் இல்லாதோர் வைத்திருக்கக் கூடாதவற்றை அச்சட்டம் அடுக்குகிறது. துப்பாக்கி, வில், கிரேஹவுண்ட், ஃபெரட், கோனி நாய், லர்ச்சர், வலை, கண்ணி என்பன அவற்றுட் சில. உயிருள்ள நாயும் உயிரற்ற கண்ணியும் ஒரே வரிசையில் நிற்பது குறிப்பிடத்தக்கது. வீடுகளைச் சோதிக்கவும் இவற்றைக் கைப்பற்றவும் வேட்டைக் காவலர்க்கு அச்சட்டம் வழி செய்தது.

தண்டனைகள் கடுமையாயின. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், ஆயுதத்துடன் முகத்தைக் கறுப்பாக்கி முயற்பண்ணையில் திருடுவோர்க்கும் மரண தண்டனை விதித்தது. 1828ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டத்தின்படி, இரவில் முயல் பிடித்து மூன்றாம் முறை அகப்பட்டவர் 7 ஆண்டு நாடு கடத்தப்படலாம். ஓர் ஏழைக் குடும்பத்தின் இரவு உணவிற்கு இவ்வளவு பெரிய விலை இருந்தது.

1831இல் நிலத்தகுதி நீக்கப்பட்டது. 1880ஆம் ஆண்டின் சட்டம், குத்தகை உழவர் தம் பயிரை அழிக்கும் இருவகை முயல்களையும் பிடிக்க நீக்க முடியாத உரிமை அளித்தது. அக்காலத்தே வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் விப்பெட் தொழிலாளரின் செல்லமாகவும் பந்தய நாயாகவும் விளங்கியது. 1877இல் பெட்லிங்டன் டெரியருக்கெனச் சங்கம் தோன்றியது. 1891இல் விப்பெட்டைக் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. பெற்றோர் இருவரும் காட்சி மேடை ஏறினர். அவர்தம் கலப்போ பழைய பெயரோடு வயலிலேயே நின்றது. 1953இல் பிரிட்டனை எட்டிய மிக்சமாட்டோசிஸ் நோய் சில ஆண்டுகளில் வளைமுயல்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்தபோது அக்கலப்பின் தேவையும் பெரிதும் குன்றிற்று. முயல்கள் மெல்லப் பெருகிய பின்னரே அது மீண்டும் பயன்பட்டது.

5. மொழிபெயர்ப்பு நோக்கு

இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளுக்கான வேட்டைச் சட்டம் 2004இல் நிறைவேறி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது நாய்களைக் கொண்டு காட்டுமுயலைத் துரத்துவதைத் தடை செய்கிறது. நிலத்திற்கு உரியவரின் இசைவோடு வளைமுயலை வேட்டையாடுவதற்கு விலக்களிக்கிறது. இரண்டையும் முயல் என்றே பெயர்த்தால் சட்டம் தன்னோடு தானே முரண்படும்.

நாயின் பெயருக்கு மூன்று வழிகள் உள்ளன. ‘திருட்டு நாய்’ என்பது சொற்பொருளைத் தரும். ஆனால் நாயை வளர்த்தவன் வாய்மொழியிலும் அவனைப் பழித்தவரின் தீர்ப்பை ஏற்றிவிடும். ‘கலப்பின நாய்’ என்பது பழியை நீக்கும். அதனோடு வரலாற்றையும் நீக்கும். ‘சிப்பிப்பாறை’ போன்ற நம் நாட்டுப் பெயரை இடுவது பிழை. அது தனக்கென மரபுடைய பார்வை வேட்டைநாய் இனம், கலப்பு அன்று. ஆகவே லர்ச்சர் என்றே ஒலிபெயர்த்து, முதல் வருகையில் பொருளை வாக்கியத்திற்குள் விளக்குவதே தக்கது. பழிக்குறிப்பு கதைக்கு இன்றியமையாத இடத்தில் மட்டும், பேசுவோர் யாரென நோக்கித் திருட்டு நாய் என்னும் தொடரைக் கையாளலாம்.

6. முடிவுரை

சிறு டெரியர், பார்வை வேட்டைநாய்க் கலப்பின் சிறப்பு, வளைக்கும் மேய்ச்சலிடத்திற்கும் இடைப்பட்ட சில அடித் தொலைவில் அடங்கியுள்ளது. அத்தொலைவு யாருடைய நிலம் என்பதே 1390 முதல் சட்டம் கேட்டு வந்த வினா. ஓசையின்மையை ஒருவர் பயிற்சி என்றார். மற்றவர் களவு என்றார். அகராதியில் நிலைபெற்றது இரண்டாமவர் சொல்லே. விலங்குப் பெயர்களை மொழிபெயர்ப்போர் இனத்தை மட்டுமன்றிப் பெயரிட்டவரின் இடத்தையும் கருதுதல் வேண்டும் என்பதை இச்சிறு நாயின் வரலாறு உணர்த்துகிறது.