சுரங்கக்காரர்கள் கட்டிய ஓபரா அரங்கு

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து மேற்கே மலைப்பாதையில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல் சிட்டி வந்துவிடும். 8,500 அடி உயரம். புதிதாக வருகிறவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். திரும்பிய பக்கமெல்லாம் சூதாட்ட விடுதிகள். 1991-இல் சூதாட்டம் சட்டபூர்வமான பிறகு வந்தவை. அவற்றைத் தாண்டி யுரேகா தெருவுக்குள் நுழைந்தால், நான்கடி கனச் சுவர்களோடு ஒரு கல் கட்டடம் நிற்கிறது.

1859 மே மாதம் ஜான் கிரெகரி என்பவர் இந்த மலை இடுக்கில் தங்கம் கண்டார். ஆற்று மணலை அலசி எடுக்கிற தங்கமல்ல, பாறைக்குள் ஓடியது. ஆழத்தில் இறங்கி வெட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வெள்ளீயம் வெட்டியவர்கள் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள். (நம் கோலார் தங்கவயலில் மேற்பார்வைக்கு வந்ததும் இதே கார்ன்வால்காரர்கள்தான்.) வேல்ஸ்காரர்களும் வந்தார்கள். குரல் சேர்த்துப் பாடுவது இரு சாராருக்கும் ஊர்ப்பழக்கம்.

1874-இல் ஒரு தீ விபத்து ஊரின் பெரும்பகுதியை விழுங்கியது. மூன்றே ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களே ‘பொஹீமியன் கேர்ள்’ என்ற ஓபராவை மேடையேற்றினார்கள். அது பெற்ற வரவேற்பில், சொந்தமாக ஓர் அரங்கு வேண்டும் என்று ஊரே பணம் திரட்டியது. கட்டடக் கலைஞர் ராபர்ட் ரோஷ்லாப் வரைபடம் தந்தார். சான்ஃபிரான்சிஸ்கோ ஓவியர் ஜான் மாஸ்மன் மேற்கூரைக்கு ஓவியம் தீட்டினார். 1878 மார்ச்சில் திறப்பு விழா.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. லெட்வில் என்ற இன்னொரு சுரங்க ஊரில் வெள்ளி கிடைத்ததும் பணம் அந்தப் பக்கம் போனது. வெள்ளியில் கோடீஸ்வரரான ஹொரேஸ் டேபர் 1881-இல் டென்வரில் கட்டிய பிரம்மாண்ட அரங்கு, பெரிய நாடகக் குழுக்களையும் இழுத்துக்கொண்டது. மலையூர் அரங்கில் பிறகு சினிமா ஓடியது; 1927-இல் அதுவும் நின்றது. ஊர் கையில் காசு இல்லாமல் போனதே ஒருவகையில் நல்லதாயிற்று: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் ஆளில்லை.

அதை மீட்டவர்கள் ஆன் எவன்ஸ், ஐடா மெக்ஃபார்லேன் என்ற இரு பெண்கள். பழைய குடியேறிகளின் பெயர்கள் நாற்காலிகளில் பொறிக்கப்பட்டன. 1932 ஜூலையில் லிலியன் கிஷ் நடித்த ‘கமில்’ நாடகத்தோடு கதவு மறுபடி திறந்தது. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது! அங்கே தொடங்கிய கோடைகால விழா இன்றும் நடக்கிறது.

1956-இல் இதே மேடையில் ‘பேபி டோவின் கதைப்பாடல்’ என்ற ஓபரா அரங்கேறியது. பேபி டோ, டேபரின் இரண்டாவது மனைவி. லெட்வில்லுக்குப் போகுமுன் முதல் கணவரோடு சென்ட்ரல் சிட்டியில் குடியிருந்தவர். 1893-இல் வெள்ளி விலை சரிந்து டேபர் எல்லாவற்றையும் இழந்தார். அவர் இறந்த பின் வெகுகாலம் தனியே வாழ்ந்த பேபி டோ, 1935-இல் டேபரின் பழைய வெள்ளிச் சுரங்கத்தின் அருகே ஒரு குடிசையில் குளிரில் உறைந்து இறந்துகிடந்தார். டேபரின் டென்வர் அரங்கை 1964-இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது அமெரிக்க மத்திய வங்கியின் கிளை.