இரண்டு டிஸ்குக்காகப் பிறந்த கெர்னல்

2012-இல் பெரம்பலூரில் மாவு அரைப்பது, மோட்டார் போடுவது, துணி இஸ்திரி போடுவது எல்லாமே மின்வெட்டைப் பார்த்துத்தான். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம். அந்த வருஷம் பார்த்துத்தானா எனக்குக் கெர்னல் கம்பைல் பண்ணும் ஆசை வரவேண்டும்!

தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டில் அந்த மடிக்கணினி இருந்தது; பாஸைத் திறந்து பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் வெளியிட்ட லினக்ஸ் அது. அதன் சோர்ஸ் கோடும் நமக்கு உரியது என்பதைப் பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மெமரி, டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது கெர்னல். கருனி என்று தமிழில் எழுதுவார்கள், பேச்சில் கெர்னல்தான். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் தூசி தின்றவர்களுக்குக் கம்பைல் என்றால் என்ன என்பதை விளக்குவது சுலபம். கல்லை அரைத்து, 1,450 டிகிரி சூட்டில் சுட்டு, வரும் கிளிங்கரோடு ஜிப்சம் சேர்த்து மறுபடி அரைத்தால் சிமெண்ட். சி மொழியில் எழுதிய சோர்ஸ் கோடு கல். ஜிசிசி என்ற கம்பைலர் சூளை. மூட்டையாக வாங்கியவனால் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. கல் கையில் இருப்பவன் என்ன சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கலாம். அரியலூர்க் கல்லில் கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய கடல் உயிர்களின் சுருள் ஓடு பதிந்திருக்கும். கெர்னலிலும் உண்டு: மெயின் டாட் சி கோப்பைத் திறந்தால் தலைமாட்டிலேயே 1991, 1992 என்ற ஆண்டுகளும் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பெயரும் இருக்கும்.

1991-இல் அவருக்கு வயது 21, ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர். புதிதாக வாங்கிய 386 கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ் கெர்னல். செப்டம்பரில் 0.01 என்ற எண்ணோடு வெளியிட்டபோது மொத்தமே பத்தாயிரம் வரி சொச்சம். மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்துக்குள் உட்கார்ந்துதான் அதைக் கம்பைல் பண்ண வேண்டும். அந்த 0.01-இல் கான்ஃபிக் டாட் ஹெச் என்று ஒரு சின்னக் கோப்பு. எந்த ஹார்டு டிஸ்குக்காகக் கெர்னலைக் கட்டுவது என்று அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். இருந்தது இரண்டே பெயர்: லினஸ்_ஹெச்டி, லாசு_ஹெச்டி. ஒன்று தன்னுடையது, மற்றது நண்பர் லார்ஸ் விர்செனியஸுடையது. முன்னதற்கு 8 எம்பி மெமரி, பின்னதற்கு 4 எம்பி. மூன்றாவது ஆள் யாராவது ஓட்ட நினைத்தால், தன் டிஸ்கின் கணக்கைத் தானே உள்ளே எழுதிக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும்.

கஸ்டம் கெர்னல் என்று நாம் இன்று தனியாகப் பெயர் வைத்துச் சொல்கிறோமே, பிறந்தபோது அது ஒன்றுதான் இருந்தது. எல்லா மெஷினுக்கும் ஒத்துவரும் கெர்னல் பிற்பாடு வந்த வசதி. 1992-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியதால் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்றானது. சி-டாக்கும் எடுக்க முடிந்தது.

நான் பிரவுசிங் சென்டரில் இறக்கியது கெர்னலின் 3.2 பதிப்பு. சுருக்கிய நிலையிலேயே பெரிய கோப்பு. பிரித்தால் சுமார் 37 ஆயிரம் கோப்பு, ஒன்றரைக் கோடி வரி. இரவல் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, பென் டிரைவை உரியவரிடம் கொடுத்தேன். பாஸின் கான்ஃபிக் கோப்பையே நகலெடுத்து 'மேக் ஓல்டுகான்ஃபிக்' என்ற கட்டளை கொடுத்தால், புதிதாக வந்த ஒவ்வொன்றையும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது. என்டர் கீயை அமுக்கியபடியே இருந்தேன். பிறகு 'மேக்'. திரையில் சிசி, சிசி, சிசி என்று வரி ஓடத் தொடங்கியது.

"இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு? கரண்ட் போயிடப் போவுதுடா" என்றார் அம்மா. போயிற்று. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் போயிற்று.

கரண்ட் வந்ததும் மறுபடி 'மேக்' என்றேன். முதலிலிருந்து தொடங்கும் என்று நினைத்தேன். விட்ட இடத்திலிருந்து ஓடியது. கடைசியில் எல்லாத் துண்டும் லிங்க் ஆகி ஒன்று சேரும்போது ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. பார்த்தால் பேட்டரி செத்த நொடியில் கம்பைல் ஆகிப் பிறந்த டாட் ஓ கோப்பு, அளவு பூஜ்யம். அதை அழித்துவிட்டு இன்னொரு முறை 'மேக்'. முடிந்தது.

இந்த மேக் லினக்ஸைவிட மூத்தது. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருக்கும் புரோகிராமில் தவறு தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தேன் என்று திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் வந்தாராம். தவறைத் திருத்தியிருந்தார், திருத்திய கோப்பைக் கம்பைல் பண்ண மறந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஃபெல்ட்மேனும் அதே கதியில் இருந்தவர். அந்த வார இறுதியிலேயே மேக்கை எழுதினார். சோர்ஸ் கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, பழசாய்ப் போனதை மட்டும் மறுபடி செய்யும். மேக் படிக்கும் மேக்ஃபைல் என்ற கோப்பில் கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும் என்ற தொல்லையும் அவர் வைத்ததே. சில வாரத்தில் பன்னிரண்டு பேர் போல அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று மாற்றாமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்றுவரை டேப் அடிக்கிறது.

அடுத்த வாரம் ஆசை கூடி 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். அந்த நேரத்தில் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல் என்ற கெர்னல் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும் கட்டளை. வேலை இரண்டு மின்வெட்டுக்கு நடுவிலேயே முடிந்தது. புதுக் கெர்னல் பூட் ஆனது. தம்பி பென் டிரைவைச் செருகினான், ஒன்றும் நடக்கவில்லை. கட்டளை கொடுத்த அன்று பென் டிரைவ் செருகியிருக்கவில்லை, அதனால் யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலும் ஓடவில்லை. கழிந்துபோயிற்று. 0.01-க்கும் என் கெர்னலுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை: எதிரே இருந்தது மட்டுமே தெரியும்.

ஆன் செய்ததும் வரும் கிரப் மெனுவில் பாஸின் பழைய கெர்னல் இருந்ததால் தம்பியிடம் தப்பித்தேன். நீங்கள் செய்து பார்ப்பதானால் பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டு அந்தக் கட்டளையைக் கொடுங்கள். பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.