தன்பாலீர்ப்பினர் உரிமை: சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்
தன்பாலுறவு குற்றமல்ல என 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் வீடுகளில் கெடுபிடி தளரவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குத் தஞ்சம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தம் மனத்தடையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். நீதித்துறையில் அரிய நேர்மை அது. 2021 ஜூன் 7 அன்று காவல்துறைத் தொல்லைக்கும், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’க்கும் எதிராக உத்தரவிட்டார். தன்பால் திருமணத்துக்கு 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் மறுத்தது. ஆயினும் 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த பெண்ணை அவருடைய துணையிடம் செல்ல விடுவித்த உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியன்று என்றது.