நால்வரில் ஒருவருக்கு மட்டும்

சூலக்கரை மேட்டு டீக்கடையில் நானும் அண்ணாச்சியும் உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வெங்கட்ராகவனிடம் வந்து நிற்கும். அண்ணாச்சி எனக்கு இரண்டு வயது மூத்தவர். பட்டாசு ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். இருவருக்கும் கணக்குதான் தொழில். ஆனால் இந்த ஒரு கணக்கு மட்டும் ஐம்பது வருடமாக நேராகவில்லை.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தன் நூற்றாண்டை ஒட்டி 2009-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ் வரிசையைத் தொடங்கியது. நம் சுழற்பந்து நால்வரில் அதில் இடம் பெற்றவர் பிஷன் சிங் பேடி ஒருவர்தான். பிரசன்னா இல்லை, சந்திரசேகர் இல்லை, வெங்கட்டும் இல்லை. பின்னால் 2015-ல் கும்ப்ளேயும் 2016-ல் முரளிதரனும் சேர்ந்தார்கள். மற்ற மூவருக்கும் கதவு திறக்கவே இல்லை.

2023 அக்டோபரில் பேடி காலமான மறுநாள் அண்ணாச்சி கேட்டார்: "ஏன் தம்பி, நாலு பேரும் சேர்ந்து இழுத்த தேரு. ஒருத்தருக்கு மட்டும் மாலையா?"

இளைய வாசகர்களுக்காக எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பேடி 67 டெஸ்டில் 266 விக்கெட். சந்திரசேகர் 58 டெஸ்டில் 242. பிரசன்னா 49 டெஸ்டில் 189. வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156. நால்வரும் சேர்ந்து 853 விக்கெட். ஆனால் நால்வரும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு தடவைதான், 1967-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில். அதிலும் நாம் தோற்றோம்.

என் கட்சி எப்போதும் சந்திரசேகர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிச் சூம்பிய வலது கையாலேயே பந்து வீசியவர். 1971 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-ல் சுருட்டினார். அந்த மண்ணில் நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது. வென்ற நாள் பிள்ளையார் சதுர்த்தி. மைதானத்துக்கு ஒரு யானையைக்கூட அழைத்து வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் ரேடியோ இருந்த ஒரே வீட்டின் திண்ணையில் நானும் அண்ணாச்சியும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். சத்தம் ஏறி ஏறி இறங்கும். ஆங்கிலமும் பாதிதான் புரியும். ஆனால் சந்திராவின் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நாட் என்ற விக்கெட் கீப்பர் அடிச்சு ஆடிடுவானோன்னு எல்லாருக்கும் பயமா இருந்தது. சோல்கர் பாய்ஞ்சு பிடிச்சானே, அது யார் வீசின பந்து? வெங்கட் பந்து!" என்பார் அண்ணாச்சி. அது உண்மை. அதே வருடம் மேற்கிந்தியத் தீவுகளை நாம் முதன்முதலாக வென்ற போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில், இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தவர் வெங்கட். அந்தத் தொடரில் 22 விக்கெட்டுடன் நம் பக்கம் முதலிடமும் அவருக்குத்தான். 1965-ல் இருபது வயதுகூட நிறையாத நிலையில் டெல்லியில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தவர்.

நானும் விடமாட்டேன். "அண்ணாச்சி, சராசரியைப் பாருங்க. பேடிக்கு 28.71, சந்திராவுக்கு 29.74, பிரசன்னாவுக்கு 30.38, வெங்கட்டுக்கு 36.11. ஒரு விக்கெட்டுக்கு ஏழு எட்டு ரன் கூடுதலா கொடுத்தவரை எப்படிச் சேர்க்கிறது?"

அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. "தம்பி, ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் காத்திருந்தாங்க. ஆஃப் ஸ்பின்னுக்கு ஒரு இடம்தான். பட்டோடி தலைவரா இருந்தா பிரசன்னா, வடேகர் வந்தா வெங்கட். உட்காருவோமா எழுந்திரிப்போமான்னு தெரியாம ஆடினவனோட கணக்கையும், நிம்மதியா ஆடினவனோட கணக்கையும் ஒரே பேரேட்டுல எழுதலாமா?"

இதில் நியாயம் இருக்கிறது. 1971 இங்கிலாந்துப் பயணத்தில் பிரசன்னா ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பினார். பொறியியல் படிப்புக்காக ஏற்கெனவே ஐந்து ஆண்டுகளை இழந்தவர் அவர். அப்படியிருந்தும் 20 டெஸ்டில் 100 விக்கெட் எடுத்தார். அந்த இந்தியச் சாதனையை 2013-ல்தான் நம் அஸ்வின் முறியடித்தார். வெங்கட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்கு அவர்தான் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்!

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கும் இப்படி ஒரு புகழ் மண்டபம் உண்டு. நூற்றுக்கு 75 பங்கு ஓட்டு கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். அங்கே பந்து வீசுகிறவர்களில் 511 ஆட்டங்களை வென்ற சை யங் என்பவருக்கே 1936-ல் நடந்த முதல் தேர்தலில் போதிய ஓட்டு விழவில்லை. மறு வருடம்தான் சேர்த்தார்கள். பிறகு சிறந்த பந்து வீச்சாளருக்கான விருதுக்கே அவர் பெயரை வைத்தார்கள். தேர்வு செய்கிறவர்கள் தவறு செய்வது எல்லா ஊரிலும் உண்டு. அதைத் திருத்திக்கொள்வதுதான் பெரிய விஷயம்.

திருத்துவதிலும் காலம் முக்கியம். 1978-ல் மறைந்த வினு மன்கட்டுக்கு அந்தக் கௌரவம் 2021-ல் வந்தது. யார் போய் அவரிடம் சொல்வது? மாறாக, ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்காத ராஜிந்தர் கோயலுக்கும் பத்மாகர் சிவால்கருக்கும் 2017-ல் நம் வாரியம் சி.கே. நாயுடு பெயரிலான வாழ்நாள் விருதைக் கொடுத்தது. கோயல் 2020-லும் சிவால்கர் 2025-லும் காலமானார்கள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அது போதும்.

கடைசியில் நான் வந்து சேர்ந்த முடிவு இது. சந்திரசேகர் உள்ளே இருக்க வேண்டும், அதில் வாதத்துக்கே இடமில்லை. பிரசன்னாவும் இருக்க வேண்டும். வெங்கட்டைப் பந்து வீச்சுக் கணக்கை மட்டும் வைத்து எடை போட்டால் நான் இன்னமும் தயங்குவேன். ஆனால் அவர் இரண்டு உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர். அதன்பின் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றவர். ஆடியவர்களே மதிக்கும்படி தீர்ப்புச் சொன்னவர். நாற்பது வருடம் ஒரு ஆட்டத்துக்கு உழைத்தவரை ஒரே ஒரு சராசரியில் அடக்குவது சரியில்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன்.

"இதைச் சொல்ல ஒனக்கு அம்பது வருஷம் ஆச்சாக்கும்" என்று சிரித்துவிட்டு, டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

பிரசன்னா 1940-லும் மற்ற இருவர் 1945-லும் பிறந்தவர்கள். எங்களைவிட மூத்தவர்கள். கொடுப்பதாக இருந்தால் சீக்கிரம் கொடுக்கட்டும்.