பின்னாடி என்ன துணி மாட்டலாம்?

போன சனிக்கிழமை. ஆபீஸ் ஆணி எதுவும் இல்லாம நிம்மதியா இருந்த நேரத்துல கள்ளக்குறிச்சியிலேர்ந்து சித்தி பையன் போன் பண்ணான்.

"அண்ணா, மாடி ரூமைச் சின்ன ஸ்டுடியோ ஆக்கப் போறேன். 10க்கு 14 ரூம். பின்னாடி என்ன துணி மாட்டட்டும்? பச்சையா, வெள்ளையா? இல்ல பூங்கா மாதிரி ஃப்ளெக்ஸ் அடிச்சு ஒட்டிடவா?"

"சாம்பல் வாங்குடா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். வச்சப்புறம்தான் உறைச்சது. ஒரு படத்துக்குப் பின்னாடி என்ன இருக்கணும்னு அட்வைஸ் பண்ற யோக்கியதை இந்த ஊர்ல யாருக்கு இருந்தாலும் எனக்குக் கிடையாது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஆயாவும் தாத்தாவும் சேர்ந்து எடுத்துக்கிட்ட படம் ஒன்னே ஒன்னுதான். அறுபதுகள்ல கச்சிராயபாளையம் பக்கத்துலேர்ந்து கள்ளக்குறிச்சி டவுனுக்கு வந்து எடுத்தது. தாத்தா நாற்காலியில, ஆயா நின்னுக்கிட்டு. பின்னாடி துணியில வரைஞ்ச மாடிப்படி, தூண், தூரத்துல ஒரு குளம். 2018ல ஆயா போனப்ப நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆயா மட்டும் தனியா ஒரு படம் வேணும்னாங்க. நமக்குத்தான் போட்டோஷாப் தெரியுமே! செல்போன்லயே அந்தப் படத்தைப் பிடிச்சு, ஆயாவை மட்டும் வெட்டி, பின்னாடி நீல வானம் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினாங்க. மாமா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்த மாடிப்படி எங்கடா?"ன்னு கேட்டார்.

ஸ்டுடியோக்காரர் ரெண்டு சீன் விரிச்சுக் காட்டினாராம். தாத்தா கோபுரம் வேணும்னாராம். ஆயாதான் பிடிவாதமா மாடிப்படியைக் கேட்டு வாங்குச்சாம். கடைசி வரைக்கும் ஓட்டு வீட்டுலயே இருந்த மனுஷி. அது கேட்டு நடந்த விஷயங்களே கம்மி, அதுல இது ஒன்னு. ஒரிஜினல் பிரிண்டைக் கரையான் தின்னுடுச்சு. என் ஃபைலை லேயர் எல்லாம் ஒன்னாக்கி அதே பேர்ல சேவ் பண்ணி வச்சிருந்தேன். இப்ப வேலையில தினம் நாலு பேரை "பேக்கப் எடுத்தியா"ன்னு கேக்குற ஆளு நானு!

அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இந்த சீன் துணிகளைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் ஆச்சரியம், போட்டோ எடுக்கிற முறையை 1839ல உலகத்துக்குக் கொடுத்த லூயி டாகேர் தொழில்ல ஒரு சீன் பெயிண்டர். பாரிஸ்ல நாடக மேடைக்குத் திரை வரைஞ்சவர். 1822ல 'டியோரமா'ன்னு ஒரு கூடம் ஆரம்பிச்சு, பிரம்மாண்டமான துணியில காட்சி வரைஞ்சு, வெளிச்சத்தை மாத்தி மாத்திக் காட்டிக் காசு பார்த்தவர். அந்தக் கூடம் எரிஞ்சு போனதும் அதே 1839லதான். அதாவது கேமராவுக்கு முன்னாடியே திரை வந்துடுச்சு. 1841லயே லண்டன்ல அந்துவான் கிளாதே வரைஞ்ச பேக்ரவுண்டுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். 1870கள்ல நியூயார்க்ல சீவின்னு ஒருத்தர் சீன் வரைஞ்சு ஊர் ஊரா விக்கிறதையே முழு நேரத் தொழிலா நடத்தியிருக்கார்.

அந்தக் காலத்து சீன் பெரும்பாலும் கலர்ல இருக்காது. சாம்பலும் பழுப்பும்தான். அப்போதைய பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாத்தான் விழும். அதனால பெயிண்டரே கறுப்பு வெள்ளையில யோசிச்சு வரைஞ்சார். கொஞ்சம் மங்கலாவும் வரைவாங்க, அப்பத்தான் குளம் தூரத்துல இருக்கிற மாதிரி இருக்கும். இன்னிக்கு செல்போன் பின்னணியை மங்கலாக்குதே, அதே வேலையை பிரஷ்ஷால செஞ்சிருக்காங்க.

நம்ம பக்கம் வந்தா, கேமரா சீக்கிரமே வந்துடுச்சு. லின்னேயஸ் டிரைப் 1858லயே மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தாச்சு. ஆனா சாதாரண ஜனங்க ஸ்டுடியோவுக்குப் போனது பின்னாடிதான். அவங்களுக்கு அந்த சீன் துணி புதுசா இருந்திருக்காது. தர்பார், காடு, தெரு, நந்தவனம்னு ஏற்கெனவே நாடகக் கொட்டகையில பார்த்ததுதானே. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியெல்லாம் சீனுக்கே பேர் போனது.

இந்த ரெண்டு உலகத்தையும் ஒரே ஆளா சேர்த்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976). மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவர். ரமணர் ஆசிரமத்துல கொஞ்ச காலம். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை வரையப் போனார். கோவில்பட்டியில கம்பெனி கலைஞ்சு போக, அங்கேயே தங்கிட்டார். போட்டோ ஸ்டுடியோ நடத்தினார், கூடவே சாமி படம் வரைஞ்சார். அந்தப் படங்கள் சிவகாசியில காலண்டரா அச்சாகி வீட்டுக்கு வீடு போச்சு. காலண்டர்ல லட்சுமிக்குப் பின்னாடி ஒரு குளம், மண்டபம், மலை, மேகம் இருக்கும் பாருங்க, அதை ஒருதரம் நாடகத் திரையா நினைச்சுப் பாருங்க. சாமி மேடையில நிக்குதுன்னு புரியும். நம்ம ஆயா தாத்தாக்களும் ஸ்டுடியோவுல கிட்டத்தட்ட அதே மாதிரி திரைக்கு முன்னாடிதான் நின்னாங்க. பூஜை ரூம்ல சாமி, ஹால்ல தாத்தா, பின்னாடி ஒரே குளம் :-)

இதெல்லாம் கேட்டு வாங்கினவங்க கதை. இன்னொரு பக்கமும் இருக்கு. தம்பிதான் எடுத்துக் கொடுத்தான்: "அண்ணா, நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் கல்வராயன் மலைக்காரங்களா இருப்பாங்க. ஜாதிச் சான்றிதழ், ஸ்கூல் அட்மிஷன்... எல்லாம் பாஸ்போர்ட் சைஸ்தான்." 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு, அந்த மாதிரி வேலைக்கு இங்க இறங்கி வர்றவங்க உண்டு.

மலைவாசி மக்களைப் படம் எடுத்த சரித்திரம் வேற. அங்க யாரும் ரெண்டு சீன் விரிச்சுக் காட்டலை. 1868லேர்ந்து 1875 வரைக்கும் வெள்ளைக்கார அரசாங்கம் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'ன்னு எட்டு தொகுதி போட்டு ஜனங்களை ரகம் பிரிச்சுது. 1869ல லாம்ப்ரேன்னு ஒருத்தர் லண்டன்ல ஒரு யோசனை சொன்னார். மரச்சட்டத்துல பட்டு நூலை ரெண்டு ரெண்டு அங்குலத்துக்குக் கட்டி, அதுக்கு முன்னாடி ஆளை நிறுத்திப் படம் எடுக்கணும். கட்டத்தை எண்ணி உயரம், அகலம் அளந்துக்கலாமாம். அந்தமான் தீவுகள்ல போர்ட்மன் கட்டம் போட்ட திரைக்கு முன்னாடி அங்கத்து மக்களை நிறுத்தினார். நம்ம மெட்ராஸ் மியூசியத்துல தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து, 1909ல ஏழு தொகுதி வெளியிட்டார். அதுல மலையாளிகளும் (கேரளாக்காரங்க இல்லீங்க, நம்ம மலைவாழ் மலையாளி) உண்டு. ஒருத்தருக்குத் திரை மாடிப்படி, இன்னொருத்தருக்குத் திரை அடிஸ்கேல்.

கல்வராயன் மலை 1976 வரைக்கும் மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்துச்சு. அப்புறம்தான் அரசு முழுசா எடுத்துக்கிச்சு. அங்க இருந்த நிறையப் பேருக்குப் படம்ங்கறதே ரேஷன் கார்டு, 1993ல சேஷன் கொண்டுவந்த போட்டோ போட்ட வாக்காளர் அட்டைன்னு வெறும் சுவருக்கோ துணிக்கோ முன்னாடிதான் ஆரம்பிச்சிருக்கும். அந்த அட்டைகள் ரொம்ப அவசியம், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா "உனக்குப் பின்னாடி என்ன வேணும்?"னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

வெள்ளைத் துணியில இன்னொரு வில்லங்கம். கேமரா மீட்டர், தான் பார்க்கிறதெல்லாம் நடுத்தர சாம்பல்னு நினைச்சுக்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தா "அய்யோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சிடும். வெள்ளை சாம்பலாகும், நம்ம மாநிறம் கறுப்பாகும். கண்ணும் மூக்கும் தெரியாம ஒரு நிழல் மாதிரி அட்டையில போய் உக்காந்துக்கும். அப்புறம் ஸ்டுடியோவுல மூஞ்சியை மட்டும் வெளுப்பாக்குவாங்க. தப்பு மூஞ்சியில இல்லை. எக்ஸ்போஷரை ஒன்னு, ஒன்னரை ஸ்டாப் ஏத்தினா முடிஞ்சது. இதை மட்டும் தம்பிகிட்ட மூணு தடவை சொன்னேன்.

சாம்பல் ஏன்னா, ஒரே துணி மூணு துணி. விளக்கை ஆளுக்கு 3 அடி கிட்ட வச்சு, துணி 9 அடி தள்ளி இருந்தா அதுல விழுறது ஒன்பதுல ஒரு பங்கு வெளிச்சம்தான், கிட்டத்தட்ட கறுப்பாயிடும். துணிக்குத் தனி விளக்கு போட்டா வெளுத்துடும். 14 அடி ரூம்ல இது நடக்கும். ஆள் துணியிலேர்ந்து அஞ்சாறு அடி தள்ளி நின்னா நிழலும் விழாது, சுருக்கமும் தெரியாது. பச்சை வேணாம்னது, அந்தப் பச்சை கன்னத்துலயும் முடி ஓரத்துலயும் அடிக்கும்ங்கறதுக்காக. (நான் பண்ணின மாதிரி வெட்டி ஒட்டுற ஆசை வரும்ங்கறதுக்காகவும்தான்.)

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல ஒரு குழு, பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிப் போய் ஸ்கேன் பண்ணியிருக்காங்க. அந்த மாதிரி ஏதாவது ஒரு பெட்டியில எங்க ஸ்டுடியோக்காரரோட நெகட்டிவும் இருக்காதான்னு ஒரு நப்பாசை.

தம்பி சாம்பல் துணி வாங்கிட்டான். கூடவே, கோயில் சுவருக்குப் படம் வரையற ஒருத்தர்கிட்ட 8க்கு 10 அளவுல மாடிப்படி சீன் ஒன்னு வரையச் சொல்லியிருக்கான். பாஸ்போர்ட் சைஸுக்கு வர்றவங்க ஆசைப்பட்டா, அதுக்கு முன்னாடியும் ஒன்னு எடுத்துக்கலாம், காசு கிடையாதாம். நேத்து திரும்ப போன்: "அண்ணா, படி ஆயாவுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எனக்கு ஞாபகம் இல்லை. மாமாவைக் கேட்டேன், வலது பக்கம்னார். பெரியம்மா இடது பக்கம்னு அடிச்சுச் சொல்றாங்க.